அறிகுறிக்குக் காத்திருக்கலாமா? வில்லியனூர், பாகூர் கிராமங்களில் எச்.ஐ.வி. தொற்றை அறிதல்

1985ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா செல்லப்பனிடம் பேராசிரியர் சுனிதி சாலமன் ஓர் ஆய்வை ஒப்படைத்தார். அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்படும் புதிய கிருமி நம் ஊரிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கெல்லாம் அது இருக்காது என்பதுதான் அன்றைய பொது எண்ணம். காவலில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். தகுந்த சேமிப்பிடம் இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தபோது சில மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

அந்தப் பெண்கள் எய்ட்ஸ் நோயாளிகளாக மருத்துவமனைக்கு வந்து படுத்தவர்கள் அல்லர். யாருடைய முகத்திலும் நோய் எழுதியிருக்கவில்லை. ஒரு மாணவி சோதித்துப் பார்த்ததால் தெரிந்தது. சோதிக்காமல் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் தெரியாமலே போயிருக்கும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் நம் கிராமங்களில் கேட்கப்படும் முதல் கேள்வி, "அதுக்கு என்னென்ன அறிகுறி?" என்பதாகவே இருக்கிறது. நியாயமான கேள்விதான். மருத்துவம் அதற்கு விரிவான பதிலும் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை முழுக்கக் கேட்டு முடித்தால், தன் உடம்பைத் தானே பார்த்து இந்தத் தொற்றை அறிந்துகொள்ள முடியாது என்பதும், சுகாதார ஊழியரும் மருத்துவரும் அதே அறிகுறிகளை இப்போது பார்ப்பதைவிடப் பலமடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரியவரும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கிறேன். வயலும் ஏரியும் தொழிற்பேட்டையும் மருத்துவக் கல்லூரியும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் பகுதிகள் இவை.

முதலில் கிருமியின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைந்ததும் சி.டி.4 எனப்படும் வெள்ளையணுக்களைக் குறிவைக்கிறது. நோய் எதிர்ப்புப் படைக்கு ஆணையிடும் அணுக்கள் இவை. நலமான ஒருவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500 முதல் 1500 வரை இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால், அல்லது குறிப்பிட்ட சில கடுமையான நோய்கள் வந்தால், அந்த நிலைக்கு எய்ட்ஸ் என்று பெயர். ஆக, நாம் எச்.ஐ.வி. அறிகுறி என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கிருமி நேரடியாகச் செய்பவை அல்ல. காவல் தளர்ந்ததும் உள்ளே புகுந்த வேறு கிருமிகளின் வேலை. ஒவ்வோர் ஊரிலும் எந்தக் கிருமி மண்ணிலும் காற்றிலும் அதிகமோ அதற்கேற்ப அறிகுறியும் மாறும். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க அரசு இதழில் வெளியான முதல் குறிப்பு, லாஸ் ஏஞ்சலீஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிதான ஒரு நுரையீரல் அழற்சியைப் பற்றியது. நம் நாட்டில் அந்த இடத்தில் நிற்பது டி.பி. என்கிற காசநோய்.

தொற்று ஏற்பட்டு இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு ஒரு காய்ச்சல் வரும். தொண்டை வலிக்கும், உடம்பு முறிந்துபோனது போலிருக்கும், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும், மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்பு தோன்றலாம், வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வரலாம். சில நாட்களிலோ இரண்டொரு வாரத்திலோ தானாக அடங்கிவிடும். மீதி மூன்றில் ஒருவருக்கு இதுவும் கிடையாது.

இந்தக் காய்ச்சலைப் பாகூர் ஏரிப்பாசனத்து வயலில் நாற்று நடுபவர் ஒருவருக்கு வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கம் வராத காய்ச்சல் இல்லை. டெங்குவிலும் உடம்பு முறியும், தடிப்பு வரும். சிக்குன்குனியாவில் மூட்டு வலிக்கும். சேற்றில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும். புதரோரம் புல் அறுப்பவருக்கு உண்ணிக்காய்ச்சல் வரும். அதிலும் நெறி கட்டும். இவற்றுக்கு நடுவே வந்துபோகும் எச்.ஐ.வி.யின் முதல் காய்ச்சலை அனுபவமுள்ள மருத்துவராலும் தொட்டுப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்துக்கடையில் நான்கு மாத்திரை, கிளினிக்கில் ஓர் ஊசி, மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விடுவார். இரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருப்பதும், பிறருக்கு எளிதாகப் பரவுவதும் அந்த நாட்களில்தான் என்பது இதிலுள்ள பெரிய சோகம்.

இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. எங்கோ ஒருமுறை தவறிவிட்ட இளைஞன், அடுத்த வாரம் வந்த சாதாரணச் சளிக்காய்ச்சலை அதுவாகவே எண்ணி நடுங்குகிறான். கைப்பேசியில் தேடுகிறான், நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கிறான், முகப்பருவைக்கூடச் சந்தேகிக்கிறான். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், உண்மையிலேயே எடை குறைகிறது. அந்த எடைக்குறைவே அவனுக்குச் சாட்சியாகிவிடுகிறது. முடி உதிர்வது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது, 'நரம்புத் தளர்ச்சி' என்று லாட்ஜில் அறையெடுத்து வைத்தியம் பார்ப்பவர்கள் சொல்லும் சமாச்சாரங்கள் இவை எதுவும் எச்.ஐ.வி. அறிகுறி அல்ல. அவனுக்குத் தேவை தேதி பற்றிய அறிவு. விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் விரைவுச் சோதனை, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். முழு உறுதிக்கு மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். கிருமியின் ஒரு புரதத்தையும் சேர்த்துத் தேடும் புதிய ஆய்வகச் சோதனைகளில் 45 நாட்களிலேயே தெரிந்துவிடும். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால், 28 நாள் மாத்திரை கொடுத்துத் தொற்றையே தடுக்க வழியுண்டு. ஆணுறை கிழிந்தவர்களுக்கும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும், ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

முதல் காய்ச்சல் அடங்கியபின் தொடங்குவது நீண்ட மௌனம். மருந்தில்லாவிட்டாலும் சராசரியாக எட்டு முதல் பத்தாண்டுகள் வரை உடம்பு சாதாரணமாகவே இருக்கும். ஏர் ஓட்டலாம், மூட்டை தூக்கலாம், கபடி ஆடலாம், கல்யாணம் செய்து பிள்ளை பெறலாம். 1990களின் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளை நினைவு வைத்திருப்பவர்களுக்கு எலும்பும் தோலுமான ஓர் உருவமும் மண்டையோடும் நினைவுக்கு வரும். அந்தப் படங்கள் பயமுறுத்தியதைவிடப் பெரிய கேடு ஒன்றைச் செய்தன என்பது என் எண்ணம்: நோயுள்ளவர் என்றால் அப்படித்தான் இருப்பார் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்துவிட்டன. சதைப்பிடிப்போடு இருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி யாருக்கும் ஐயம் வரவில்லை. சர்க்கரையால் இளைத்த பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஊரே முணுமுணுத்தது. இன்று இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர்; வயது வந்தோரில் ஆயிரத்துக்கு இருவர் என்ற கணக்கு. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தன் நிலை தெரியாது என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீடுகள் சொல்கின்றன. அந்த ஐந்தாமவர் பெரும்பாலும் இந்த மௌன காலத்தில் இருப்பவர்.

மௌனம் முழு மௌனமும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி.யின் போக்கை அறிகுறிகளை வைத்து நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் படியில் இருக்கும் ஒரே அடையாளம் நெறி கட்டுதல். கழுத்து, அக்குள் என்று பல இடங்களில் வலியில்லாத கட்டிகள் மாதக்கணக்கில் கரையாமல் நிற்கும். இந்த வரையறையில் தொடையிடுக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காரணம் எளிது: வெறுங்காலோடு நடந்து, முள்ளும் கல்லும் குத்தி, சேற்றுப்புண் வரும் எவருக்கும் தொடையிடுக்கில் நெறி கட்டும். நம் பக்கத்தில் அதற்கு யானைக்கால் நோய் என்ற இன்னொரு காரணமும் பழையது. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட கொசு ஆராய்ச்சி மையம் 1980களின் முற்பகுதியில் இங்கேயே யானைக்கால் கொசுவை ஒழிக்கும் பெரிய திட்டமொன்றை நடத்தியது. ஆகவே தொடையிடுக்கில் ஒரு கட்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கழுத்தின் இருபுறமும் அக்குளிலும் மாதக்கணக்கில் நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது டி.பி.யாகவும் இருக்கலாம்.

இரண்டாம் படியில் தோல் பேசத் தொடங்கும். அக்கி அதில் முக்கியமானது. சின்ன வயதில் சின்னம்மை போட்டவரின் நரம்பு வேருக்குள் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப்புச் சக்தி தளரும்போது எழுந்து, ஒரு நரம்பின் வழியே, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிசையாக நீர்க்கொப்புளங்களைக் கிளப்பும். நெருப்பு வைத்தாற்போல எரியும். அறுபது வயதுக்கு மேல் அக்கி வருவது இயல்பு. முப்பது வயதுக்காரருக்கு வந்தால், அதுவும் இரண்டாம் முறை வந்தால், எச்.ஐ.வி. சோதனை செய்து பார்ப்பது உலகெங்கும் மருத்துவ வழக்கம். சி.டி.4 இன்னும் ஓரளவு நல்ல நிலையில் இருக்கும்போதே அக்கி வரக்கூடும் என்பதால், அது சரியான நேரத்தில் கிடைக்கும் எச்சரிக்கை.

நம் கிராமங்களில் அக்கி வந்தால் மருத்துவமனைக்குப் போகிற வழக்கம் குறைவு. மண்பாண்டம் வனைபவரிடம் போய் அக்கி எழுதிக்கொள்வார்கள். அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேலும் சுற்றிலும் பூசி எழுதுவார். சில ஊர்களில் சிங்க உருவமும் வரைவதுண்டு. குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் கொஞ்சம் தணியும். ஏழெட்டு நாளில் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். எதுவும் செய்யாவிட்டாலும் அந்த நாட்களில் அது காயும் என்பதால், எழுதியது பலித்தது என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. எழுதுபவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அவர் ஒருவரே அந்தக் கொப்புளத்தை முகம் சுளிக்காமல் தொட்டுப் பார்த்தவராகவும் இருக்கலாம். பகுதிச் செவிலியர்கள் அவரிடமே போய், "அம்பது வயசுக்குக் கீழ யாராவது அக்கின்னு வந்தா, எழுதிட்டு ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டு போயிட்டு வரச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டால் என்ன? கொப்புளம் கிளம்பி மூன்று நாட்களுக்குள் ஆசைக்ளோவிர் மாத்திரை தொடங்கினால் வேதனையும் பின்வலியும் குறையும். கண்ணருகே வந்த அக்கியைக் கவனிக்காமல் விட்டால் பார்வைக்கே ஆபத்து. எச்.ஐ.வி.யை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தப் பயணம் பயனுள்ளது.

இன்னொன்று, கை கால்களில் கிளம்பும் அரிப்புக் கொப்புளங்கள். சொறிந்து சொறிந்து கறுப்புத் தழும்பாகிவிடும். சிரங்கு என்று களிம்பு தடவுவார்கள், அடங்காது. உகாண்டாவில் இதை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கையில், இது பெரும்பாலும் பூச்சிக்கடிக்கு உடல் காட்டும் மிகையான எதிர்வினை என்று கண்டார்கள். எல்லோரையும் கடிக்கும் அதே கொசு, எதிர்ப்பு அமைப்பு குலைந்தவரின் தோலில் வேறு விதமாக எழுதுகிறது. ஊசுடு ஏரிக்கரையிலும் பாகூர் வாய்க்கால் ஓரத்திலும் கொசு கடிக்காத ஆள் ஏது? அதனால்தான் இங்கே இந்த அறிகுறி எளிதில் தப்பிவிடும். வீட்டில் எல்லோருக்கும் அரித்தால் சிரங்காக இருக்கும். ஒருவருக்கு மட்டும், மாதக்கணக்கில், களிம்புக்கு மசியாமல் இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். படர்தாமரை அடிக்கடி திரும்புவது, நகங்களில் பூஞ்சை பிடிப்பது, உதட்டோரம் வெடித்துக்கொண்டே இருப்பது எல்லாம் இதே வரிசையில் வரும்.

வாயைத் திறந்து பார்ப்பது மலிவான, அதிகம் சொல்லும் சோதனை. நாக்கிலும் அண்ணத்திலும் தயிர்த் திப்பி போல வெள்ளை படிந்து, வழித்தால் கீழே சிவந்து தெரிந்தால் அது பூஞ்சை. கைக்குழந்தைக்கும், ஆஸ்துமாவுக்கு மருந்து உறிஞ்சுபவருக்கும், பல்செட்டு வைத்த முதியவருக்கும் வருவது. நடுவயதில் வேறு காரணமின்றி வந்தால் அது மூன்றாம் படியின் அடையாளம். நாக்கின் பக்கவாட்டில் வழித்தாலும் போகாத வெள்ளைக் கோடுகள் தெரிவதும் அப்படியே.

இந்த இடத்தில் புதுச்சேரிக்கென்று ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில், சர்க்கரை நோய் மிகுந்த பகுதிகளில் கோவாவுக்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு: 26.3 விழுக்காடு. இளைப்பு, அசதி, அரிப்பு, வாயிலும் பிறப்புறுப்பிலும் பூஞ்சை, ஆறாத புண், திரும்பத் திரும்பக் கட்டி — எல்லாமே சர்க்கரையாலும் வரும். நிகழ்தகவு பார்த்தால் வில்லியனூரில் இளைத்துப்போன ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் வாய்ப்பே பல மடங்கு அதிகம். ஊர் வாய்க்கு இது தெரிய வேண்டும். மருத்துவருக்கோ வேறொன்று தெரிய வேண்டும்: சர்க்கரை இருப்பது உறுதியானதும் தேடல் நின்றுவிடக் கூடாது. ஒரே உடம்பில் இரண்டும் இருக்கலாம்.

நெடுங்காய்ச்சல், தீராத வயிற்றுப்போக்கு, எடை இழப்பு என்ற மூன்றும்தான் மக்கள் மனத்தில் எய்ட்ஸின் முகம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1985இல் உகாண்டா மருத்துவர்கள் தம் கிராமங்களில் மக்கள் 'மெலிவு நோய்' என்று அழைத்த புதிய வியாதியை விவரித்தார்கள். அதே ஆண்டு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்குய் நகரில் கூடிய உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள், இரத்தச் சோதனை வசதியே இல்லாத இடங்களுக்காக அறிகுறிகளை மட்டும் வைத்து எய்ட்ஸைக் கணிக்கும் ஒரு வரையறையை உருவாக்கினார்கள். பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைவது, ஒரு மாதத்துக்கு மேல் பேதி, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல் என்பவை அதன் பெரிய அறிகுறிகள். இருமல், அரிப்பு, அக்கி, வாய்ப்பூஞ்சை, நெறி போன்றவை சிறியவை. வேறு வழியில்லாத காலத்துக்கு உதவிய ஏற்பாடு அது. சாதாரண டி.பி. நோயாளி பலர் அந்த வலையில் சிக்கினார்கள், எச்.ஐ.வி. உள்ள பலர் தப்பினார்கள். விரல் நுனிச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் இன்றைய பாகூரில், 1985இன் பாங்குய் வரையறையை மனத்தில் வைத்து ஒருவரையொருவர் அளந்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

காசநோயைத் தனியே சொல்லாமல் முடியாது. நம்மில் பலருடைய நுரையீரலில் அந்தக் கிருமி அடங்கிக் கிடக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது நோயாக வெடிக்கும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு. இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பதும் அதுவே. மேலும், எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கியவருக்கு டி.பி. தன் வழக்கமான வேடத்தில் வராது: சளியில் கிருமி தெரியாமலிருக்கலாம், எக்ஸ்ரே சுத்தமாகத் தோன்றலாம், நோய் நெறியிலோ மூளை உறையிலோ வயிற்றிலோ இருக்கலாம். டி.பி. உறுதியான ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. சோதனையும், எச்.ஐ.வி. உள்ளவர் ஒவ்வொரு முறை வரும்போதும் இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு பற்றிய நான்கு கேள்விகளும் என்று அரசுத் திட்டம் வகுத்திருப்பது இதனால்தான். தனியார் கிளினிக்குகளில் இது எப்போதும் நடப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலுக்கு டானிக் மட்டும் குடித்துக்கொண்டிருப்பவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு.

நான்காம் படியை விரைவாகக் கடக்கிறேன். அங்கே போகாமல் தடுப்பதே நம் அக்கறை. நாள் கணக்கில் விடாத தலைவலியும் வாந்தியும் மூளை உறையில் பூஞ்சையின் அடையாளமாக இருக்கலாம். திடீர் வலிப்பு, ஒரு பக்கக் கை கால் இழுப்பு, நடந்தால் மூச்சு வாங்கி வறட்டு இருமல், கண்ணில் மறைப்பு இவையும் அப்படியே. இந்த நிலையில் முதல்முறையாகத் தன் தொற்றை அறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெண்களின் கதை இந்தப் படிகளுக்குள் முழுக்க அடங்குவதில்லை. அடிக்கடி திரும்பும் அரிப்போடு கூடிய வெள்ளைப்படுதல், தீராத அடிவயிற்று வலி, கருப்பை வாயில் புற்றின் முன்மாற்றங்கள் எல்லாம் எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் கூடுதலாக வரும். கிராமத்துப் பெண் இதை மாமியாரிடமும் சொல்லமாட்டாள், ஆண் மருத்துவரிடமும் சொல்லமாட்டாள்; 'சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பாள். திருமணத்துக்குள் மட்டுமே வாழ்ந்து, கணவர் வழியே தொற்றைப் பெற்றவர்களே இந்தியப் பெண்களில் மிகப் பலர். புதுச்சேரியில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடப்பதால், கர்ப்பக்காலச் சோதனையில் குடும்பத்திலேயே முதலில் அவளுக்குத் தெரியவருகிறது. முதலில் தெரிந்தவள் என்பதாலேயே, கொண்டுவந்தவள் அவள்தான் என்று பழி விழுகிறது. அறிகுறி இல்லாத கணவர், "எனக்கு ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று சோதனைக்கே வர மறுப்பார். அறிகுறியை நம்பும் பழக்கம் வேறெங்கும் இத்தனை அநியாயமாக வேலை செய்வதில்லை.

அந்தச் சோதனையால் கிடைக்கும் பலனும் மிகப் பெரிது. ஒன்றும் செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. தாய்க்கு மாத்திரையும் பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தால் 5 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். குழந்தையிடம் அறிகுறி தேடுவது இன்னும் ஏமாற்றும். எடை ஏறாமை, அடிக்கடி நிமோனியா, கன்னத்தோரம் வீக்கம், உட்காரவும் நடக்கவும் தாமதம் என்பவை சொல்லப்படுகின்றன. ஊட்டச்சத்துக் குறைவிலும் இவை வரும். தாயின் எதிர்ப்புப் பொருள் 18 மாதம் வரை குழந்தையின் இரத்தத்தில் தங்கும் என்பதால், சாதாரணச் சோதனையும் குழப்பும். ஆறு வாரத்தில் குதிகாலில் எடுத்த இரத்தத் துளியைத் தாளில் உலர்த்தி, கிருமியையே நேரடியாகத் தேடும் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

மருந்து தொடங்கிய பின் வரும் அறிகுறிகளைப் பற்றி வெளியே குறைவாகவே பேசப்படுகிறது. இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தொடக்க இடங்களில் தாம்பரம் காசநோய் மருத்துவமனையும் ஒன்று. மற்ற இடங்கள் கதவடைத்த 1990களிலேயே எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை அது. அக்காலத்து மருந்துகளில் ஒன்று இரத்தசோகை தரும், நகத்தைக் கறுக்க வைக்கும். இன்னொன்று உடம்பெல்லாம் தடிப்பைக் கிளப்பும். மற்றொன்று தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும். நோயின் அறிகுறி எது, மருந்தின் விளைவு எது என்று தெரியாமல் பலர் பாதியில் நிறுத்தினார்கள். இன்னொரு புதிரும் உண்டு. மருந்தால் எதிர்ப்புச் சக்தி மீளும்போது, அதுவரை ஒளிந்திருந்த டி.பி. கிருமியோடு உடல் புதிதாகச் சண்டையிடத் தொடங்கும்; சில வாரங்களில் காய்ச்சலும் நெறிவீக்கமும் கூடும். மருந்து சாப்பிட்டும் மோசமாகிறதே என்று தோன்றும். நிறுத்தாமல் மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம் அது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒருமுறை. தொல்லை மிகக் குறைவு. 2017 முதல் சி.டி.4 எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருக்காமல், தொற்று தெரிந்தவுடனே மருந்து தொடங்குகிறார்கள்.

சீக்கிரம் தொடங்குவதன் பலனை நிரூபித்ததில் சென்னைக்கும் பங்கிருக்கிறது. கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1763 இணையர்களை ஒன்பது நாடுகளில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் பங்கேற்றது. உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது என்று 2011இல் முடிவு வெளியானது. பின்வந்த ஆய்வுகள், மருந்தால் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால் உடலுறவில் அது பரவுவதே இல்லை என்று காட்டின. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கும் எட்டுப் பத்து ஆண்டுகளின் விலை என்ன என்பதை அந்த 96 விழுக்காட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவும் கிடைக்கும்போது ஏன் தாமதம்? வில்லியனூர், பாகூரில் தூரம் ஒரு காரணமாக முடியாது. அரியூரிலும், பிள்ளையார்குப்பத்திலும், கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற மையம் இருக்கிறது. பஸ் ஏறினால் புதுச்சேரி நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனைகள். இங்கே தடையாக இருப்பது அருகாமை. சோதனைச் சீட்டு எழுதுபவர் சித்தி முறையாக இருப்பார். ஆய்வகத்தில் இருப்பவர் தம்பியோடு படித்தவர். வரிசையில் பின்னால் நிற்பவர் அதே தெரு. பாகூர்க்காரர் ஆற்றைத் தாண்டிக் கடலூருக்குப் போவதும், கடலூர்ப் பக்கத்துக்காரர் புதுச்சேரிக்கு வருவதும் இதனால்தான். ஊர் ஊராகக் கலந்து கிடக்கும் இந்த எல்லையில், பெயர் மாற்றிச் சொல்லி ஓரிடத்தில் சோதித்து, இன்னோரிடத்தில் மருந்துக்குப் பதிந்து, நடுவே தொடர்பறுந்து போகிறவர்கள் இருப்பார்கள்.

சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒப்புதலின்றிச் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலோ பள்ளியிலோ சிகிச்சையிலோ வாடகை வீட்டிலோ ஒதுக்கக் கூடாது என்கிறது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுபவருக்கு அதைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அக்கறையோடு காதோரம் சொல்லப்படும் "அவங்க வீட்ல பாத்துப் பழகுங்க" என்பதும் சட்டமீறல்தான்.

செய்யக்கூடியது ஒன்று என் கண்ணில் படுகிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முப்பது வயதைக் கடந்த எல்லோரையும் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சோதிக்கிறார்கள். விரலில் ஏற்கெனவே ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். அங்கேயே, விருப்பம் கேட்டு, எச்.ஐ.வி. விரைவுச் சோதனையையும் எல்லோருக்கும் பொதுவாக வழங்கலாம். எல்லோரும் செய்துகொள்வதை ஒருவர் செய்துகொண்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முதல் சோதனையில் ஐயம் வந்தால், எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு சோதனைகளால் உறுதிசெய்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்; அதை ஆலோசகர் தனியறையில் சொல்ல வேண்டும். முப்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிகளிலும் தொழிற்பேட்டை வாசல்களிலும் மாலை நேர முகாம்கள் அவர்களுக்கு வேண்டும். யாரிடமும் முகம் காட்ட விரும்பாதவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம், பெயர் கேட்கமாட்டார்கள். எந்த நாளில், எங்கே போய்ச் சோதித்துக்கொள்வது என்று சொல்வார்கள்.